மர அம்புத் தண்டு: தேர்வும் சோதனையும்

அம்புத் தண்டு என்பது அம்பின் முனைக்கும் நாண் பொருந்தும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட நீண்ட கோல் ஆகும். முனை, இறகு, நாண்வெட்டு ஆகிய மூன்று உறுப்புகளையும் தாங்குவது இதுவே. மரபு வில்வித்தையில் இத்தண்டு மரம், மூங்கில், நாணல் ஆகியவற்றில் ஒன்றால் செய்யப்படுகிறது. எய்யும் கணத்தில் வில்லின் ஆற்றல் முழுவதும் இந்த ஒற்றைக் கோலின் வழியாகவே பாய்கிறது. ஆகவே தவறான தண்டு குறியைத் தவறவிடுவதோடு நின்றுவிடுவதில்லை. அது நடுவில் முறிந்தால், பின்பாதி நாணின் வேகத்தோடு முன்னேறி வில் பிடித்த கையில் பாயக்கூடும். தண்டைத் தேர்ந்தெடுக்கும் முறை துல்லியத்துக்கும் பாதுகாப்புக்கும் பொதுவானது.

நல்ல அம்புத் தண்டுக்கு உரிய மரம் எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஒரு வில்லுக்குப் பொருந்தும் தண்டு வேறொரு வில்லுக்குப் பொருந்தாது. தேர்வில் மூன்று செய்திகள் பார்க்கப்படுகின்றன: தண்டின் இழைகள் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராக ஓடுகின்றனவா, தண்டின் விறைப்பு வில்லின் இழுவிசைக்கு ஏற்றதா, ஒரு தொகுதியிலுள்ள தண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கின்றனவா.

பெயர்கள்

தமிழில் அம்புக்குக் கணை, வாளி, பகழி, சரம், கோல் எனப் பல பெயர்கள் உண்டு. இவற்றுள் இரண்டு பெயர்கள் தண்டின் மூலப்பொருளையே சுட்டுகின்றன. கோல் என்பது கழி, அம்பு ஆகிய இரண்டையும் குறிக்கும். சரம் என்பது நாணல் வகைப் புல்லையும் அம்பையும் குறிக்கும் வடசொல். அம்பைத் தாங்கும் கூடு தூணி, அம்பறாத்தூணி, ஆவநாழிகை எனப்படும்.

வரலாறு

இரும்பு முனை மண்ணில் நிற்கும். மரத் தண்டு மக்கிவிடும். தமிழகத்துப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் இரும்பு ஆயுதங்கள் பல கிடைத்துள்ளன. ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புப் பொருள்களில் அம்புமுனைகளும் அடங்கும். தண்டைப் பற்றிய செய்திகளை நூல்களிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும், பனியிலும் கடலடிச் சேற்றிலும் மக்காமல் தப்பிய சில அரிய பொருள்களிலிருந்தும்தான் பெற முடிகிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, பாரசீக மன்னன் செர்க்சசின் படையில் இருந்த இந்தியர்கள் பருத்தி ஆடை அணிந்து, நாணலால் ஆன வில்லும் இரும்பு முனை பொருத்திய நாணல் அம்பும் ஏந்தியிருந்தனர் என எழுதியுள்ளார். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் படைக்கலக் கொட்டிலைப் பற்றிக் கூறும் பகுதியில் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றால் செய்த விற்களையும், மூங்கில், நாணல், மரக்குச்சி ஆகியவற்றால் செய்த அம்புகளையும், முழுதும் இரும்பாலான நாராசம் என்ற அம்பையும் பட்டியலிடுகிறது. தனுர்வேத நூல்கள் தண்டுகளை வடிவத்தால் மூன்றாகப் பிரிக்கின்றன. முன்புறம் பருத்தது பெண், பின்புறம் பருத்தது ஆண், முழுதும் சமமாக இருப்பது அலி எனக் கூறும் அவை, குறி பார்த்துப் பயில்வதற்குச் சமமான தண்டே ஏற்றது என்கின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பல்லவர் காலச் சிற்பங்களில் வில் பலமுறை இடம்பெறுகிறது. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மீதமர்ந்த கொற்றவை வில்லை வளைத்துப் போரிடுகிறாள். அதே ஊரிலுள்ள பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்று கொள்வோரும் கங்கை இறங்கும் காட்சி என்று கொள்வோரும் உளர். முதல் விளக்கத்தின்படி அது பாசுபதக் கணையை வேண்டி நிற்கும் வில்லாளியின் தவம். மாமல்லபுரத்து மரபுச் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெசுகோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பிற நாடுகளில் தண்டுகளே நேரடியாகக் கிடைத்த இரு சான்றுகள் புகழ்பெற்றவை. 1991இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் பழைமையான மனித உடலுடன் ஓர் அம்புக்கூடும் இருந்தது. அதிலிருந்த 14 தண்டுகளில் 2 மட்டுமே முனையும் இறகும் பொருத்தி முடிக்கப்பட்டவை. மற்ற 12 தண்டுகள் செய்து முடிக்கப்படாதவை. அவர் ஒரே வகைப் புதரின் நேரான இளங்கிளைகளைத் தேர்ந்து வெட்டியிருந்தார். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோசு என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் சுமார் 3,500 அம்புகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பாப்ளர் என்னும் இலேசான மரத்தால் ஆனவை.

தென்னிந்தியாவில் வில் போர்க்கருவியாக அண்மைக்காலம் வரை நீடித்தது. வயநாட்டின் குறிச்சியர் என்ற பழங்குடியினர் தலைக்கல் சந்துவின் தலைமையில் பழசி அரசருக்காகப் போரிட்டு, 1802இல் பனமரம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையை வில்லும் அம்பும் கொண்டு தாக்கினர். இன்று இந்தியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பிரிவு உண்டு. அதில் 50 மீட்டர், 30 மீட்டர் தூரங்களில் எய்கின்றனர். 1939இல் அமெரிக்காவில் டக் ஈஸ்டன் அலுமினியத் தண்டுகளைச் செய்தார். அதன்பின் உலோகமும் கார்பன் இழையும் போட்டிக் களத்தைப் பிடித்துக்கொண்டன. மரபு வில்லாளர்களும் தொடக்கநிலைப் பயிற்சியாளர்களும் மரம், மூங்கில் ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர்.

அம்பு வளைந்து செல்லும் இயல்பு

தண்டின் விறைப்பு ஏன் முக்கியம் என்பதை அறிய, எய்யும்போது நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரபு வில்லில் அம்பு வில்லின் நடுவில் செல்வதில்லை. வில்லின் பக்கவாட்டில் ஒட்டிச் செல்கிறது. நாணோ வில்லின் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. ஆகவே நாண் முன்னேறும்போது அம்பின் பின்புறம் நடுவே இழுக்கப்படுகிறது. முன்புறம் வில்லின் உடலால் வெளியே தள்ளப்படுகிறது. தண்டு சற்றும் வளையாததாக இருந்தால் அம்பு குறிக்குப் பக்கத்தில்தான் பறக்க வேண்டும். ஆனால் நன்கு பொருந்திய அம்பு நேராகக் குறியை அடைகிறது. இதை வில்லாளியின் முரண் என்பர்.

இதற்கான விடை அம்பின் வளைவில் இருக்கிறது. 1930களில் கிளாரன்சு ஹிக்மன் அதிவேகப் படக்கருவியால் எடுத்த படங்களில், நாண் தள்ளும் விசையால் தண்டு முதலில் ஒரு பக்கம் வளைவதும், பிறகு மறுபக்கம் வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு விலகுவதும், வில்லைத் தாண்டிய பின் மீன் நீந்துவது போல் இருபுறமும் அசைந்து மெல்ல நேராவதும் தெரிந்தன. தண்டு ஒருமுறை வளைந்து மீளும் நேரமும் அது வில்லைக் கடக்கும் நேரமும் ஒத்துப்போனால் அம்பின் பின்புறமும் இறகும் வில்லில் உரசாமல் வெளியேறும். மிகவும் விறைப்பான தண்டு போதிய அளவு வளையாது. மிகவும் இளகிய தண்டு அளவுக்கு மீறி வளையும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, விறைப்பு மிகுந்த அம்பு இடப்பக்கமும் விறைப்பு குறைந்த அம்பு வலப்பக்கமும் விலகும். இடக்கையால் இழுப்பவருக்கு இது தலைகீழாகும்.

தேர்வுக்குரிய பண்புகள்

இழையோட்டம்: எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது இது. மரத்தின் இழைகள் தண்டின் நீளவாக்கில் முனை முதல் பின்புறம் வரை இணையாக ஓட வேண்டும். இழை சாய்ந்து ஓடி, தண்டின் பக்கத்தில் வெளியேறினால் அவ்விடத்தில் மேற்பரப்பில் அம்புக்குறி போன்ற கூர்வடிவக் கோடுகள் தெரியும். தண்டு முறிந்தால் பெரும்பாலும் அந்தச் சாய்வின் வழியே முறியும். ஒரு சாண் நீளத்துக்குள் ஒரு கோடு ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கத்தில் வெளியேறும் தண்டை எய்யப் பயன்படுத்தக் கூடாது. கணு, பூச்சித் துளை, வெடிப்பு ஆகியவை உள்ள மரத் தண்டுகளையும் விலக்க வேண்டும்.

குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிவதால் இழையைக் காண்பது எளிது. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வளையங்கள் மங்கலாக இருக்கும். அப்போது பேனா மையில் ஒரு துளியைத் தேய்த்து வழவழப்பாக்கிய பரப்பில் வைத்தால், மை இழையின் வழியே நீண்டு ஓடிச் சாய்வைக் காட்டிவிடும்.

நேர்மை: தண்டைச் சமதளக் கண்ணாடி மீது உருட்டினால் வளைவு உள்ள இடத்தில் அது துள்ளும். கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நோக்குவதும் வழக்கம். சிறு வளைவைச் சூடு காட்டி நிமிர்த்தலாம். ஆகவே வளைவு திருத்தக்கூடிய குறை. இழைச் சாய்வு திருத்த முடியாத குறை. கடையில் நேரான ஆனால் இழை சாய்ந்த தண்டும், சற்றே வளைந்த ஆனால் இழை நேரான தண்டும் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

விறைப்பு: மரத் தண்டின் விறைப்பை அளக்கப் பழைய முறை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. 26 அங்குல இடைவெளியில் (66 செ.மீ.) உள்ள இரு தாங்கிகள் மீது தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு (907 கிராம்) எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால் கிடைப்பது அதன் விறைப்பு எண். இது பவுண்டில் சொல்லப்படும். 0.65 அங்குலம் (16.5 மி.மீ.) தாழ்ந்தால் விறைப்பு 40 பவுண்டு, 0.52 அங்குலம் (13.2 மி.மீ.) தாழ்ந்தால் 50 பவுண்டு. ஒரு பலகையில் அடித்த இரண்டு ஆணிகள், ஒரு அளவுகோல், தண்ணீர் ஊற்றி 907 கிராமுக்குச் சரிசெய்த ஒரு பாட்டில் ஆகியவை இருந்தால் பள்ளி மாணவரும் இதை அளந்துவிடலாம்.

வில்லின் இழுவிசைக்கு நெருங்கிய விறைப்பு எண் உள்ள தண்டிலிருந்து தேர்வைத் தொடங்குவது வழக்கம். 28 அங்குல இழுநீளத்தில் 40 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லுக்கு 40 முதல் 45 வரை விறைப்புள்ள தண்டு ஏற்ற தொடக்கம். நடுப்பகுதி குடையப்படாத அகலமான மூங்கில் வில்லில் அம்பு அதிகம் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் சற்று இளகிய தண்டு பொருந்தும். தண்டின் நீளம் கூடினாலும் முனையின் எடை கூடினாலும் அது பறக்கும்போது இளகியதாக நடந்துகொள்ளும். நீளம் ஓர் அங்குலம் கூடும்போது விறைப்பு எண்ணையும் 5 பவுண்டு கூட்டிக்கொள்வது பொது வழக்கம்.

பருமன்: ஒரே மரத்தில் செய்த உருளைத் தண்டின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 8 மி.மீ. தண்டோடு ஒப்பிட்டால் 9 மி.மீ. தண்டு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல் விறைப்புடையது. 8 மி.மீ. தண்டை உப்புத்தாளால் தேய்த்து 7.8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் 10 விழுக்காடு குறைந்துவிடும். இதனால்தான் தண்டைத் தேய்க்கும்போது இடையிடையே அளந்து பார்க்கின்றனர்.

எடை: மிகவும் இலேசான அம்பை எய்தால் வில்லின் ஆற்றலில் பெரும்பகுதி வில்லிலேயே தங்கி, வில்லை அதிரச் செய்து சேதப்படுத்தும். அம்பின் எடை கிரெய்ன் என்ற அலகில் சொல்லப்படுகிறது. 1 கிரெய்ன் என்பது ஏறத்தாழ 0.065 கிராம். மரபு வில்லுக்கு ஒவ்வொரு பவுண்டு இழுவிசைக்கும் 8 முதல் 10 கிரெய்ன் எடையுள்ள அம்பு ஏற்றது. 40 பவுண்டு வில்லுக்கு இது முனை, இறகு உட்பட 21 முதல் 26 கிராம் வரை ஆகும்.

நீளம்: இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுநீளம் தோராயமாகக் கிடைக்கும். தண்டு அதைவிட ஓர் அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையான அம்பை முழுதும் இழுத்தால் முனை வில்லுக்கு உள்ளே வந்து கையைக் குத்தும். வளரும் சிறுவர்களுக்கு இன்னும் கூடுதல் நீளம் விட வேண்டும்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் கிடைக்கும் மரங்கள்

வில்வித்தை நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஒரிகன் பகுதியில் வளரும் போர்ட் ஆர்போர்டு செடார் மரத்தையே சிறந்த தண்டு மரமாகக் கூறும். இலேசும் நேரான இழையும் அதன் சிறப்பு. இறக்குமதித் தண்டின் விலை தொடக்கநிலை மாணவருக்குக் கட்டுப்படியாகாது. பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தென்கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை வரை சென்றால் கண்ணில் படும் மரங்களில் எவை தண்டுக்கு உதவும் என்பதை மேற்சொன்ன பண்புகளைக் கொண்டே சோதித்து அறியலாம்.

சவுக்கு: கடற்கரையோர மணலில் தோப்பு தோப்பாக வளர்க்கப்படுகிறது. நேராக உயர்வதால் அம்புக்கு உகந்ததாகத் தோன்றும். ஆனால் இம்மரம் மிகக் கனமானது. காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும் இயல்புடையது. 8 மி.மீ. பருமனும் 74 செ.மீ. நீளமும் உள்ள தண்டு செடார் மரத்தில் சுமார் 18 கிராம் இருக்கும். தேக்கில் 24 கிராம். சவுக்கில் 33 கிராம். சவுக்கின் வெற்றுத் தண்டே 40 பவுண்டு வில்லுக்குரிய முழு அம்பின் எடையை மீறிவிடுகிறது.

பனை: அடிமரத்தின் வெளிப்புற வைரப் பகுதி கறுத்து, உறுதியாக இருக்கும். இழைகள் நேராக ஓடினாலும் அவை தனித்தனியே பிரிந்து சிம்பாகக் கிளம்பும். கனமும் அதிகம். வில் செய்வதற்குப் பனை பழங்காலத்திலேயே சொல்லப்பட்டது, தண்டுக்கு ஏற்றதன்று.

வேம்பு, யூகலிப்டசு: இரண்டிலும் இழைகள் அடுக்குக்கு அடுக்கு எதிரெதிராகச் சாய்ந்து பின்னியிருக்கும். நாற்காலிக்கும் கதவுக்கும் இது வலிமை தரும். மெல்லிய தண்டாகச் சீவும்போது எங்காவது ஓரிடத்தில் இழை குறுக்கே வெளியேறிவிடும்.

சீமைக் கருவேலம்: எங்கும் கிடைக்கும், ஆனால் கோணலாக வளரும், கனமானது. தண்டுக்கு உதவாது.

தேக்கு: வளையங்கள் தெளிவாகத் தெரிவதால் இழையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நேரான இழையுள்ள துண்டு கிடைத்தால் பயிற்சிக்கு ஏற்ற தண்டு செய்ய முடியும். அடி தாங்கும் தன்மை குறைவாதலால் பக்கவாட்டில் மோதினால் முறியலாம்.

பைன்: இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் பழைய மரக் கடைகளில் கிடைத்தால், கணுவற்ற நேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுக்கலாம். பெட்டியில் ‘எச்டி’ என்ற முத்திரை இருந்தால் அது சூட்டால் பதப்படுத்தப்பட்டது. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது. அதைத் தவிர்ப்பது நல்லது.

மூங்கில்: இவ்வட்டாரத்தில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பவற்றுள் தண்டுக்கு மிகவும் ஏற்றது மூங்கிலே. மூங்கிலின் இழைகள் இயல்பாகவே நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. வெளித்தோலை ஒட்டி அவை நெருக்கமாக உள்ளன. மரத்தண்டில் அஞ்ச வேண்டிய இழைச் சாய்வு, சீவிக் கெடுக்காத மூங்கிலில் இல்லை. கல் மூங்கில் பெரும்பாலும் உட்கூடு சிறுத்து, ஏறத்தாழ நிறைந்த உடலுடன் வளர்வதால் அதன் மெல்லிய கழிகள் தண்டுக்கு ஏற்றவை.

நாணலும் கொறுக்கையும்: ஏரிக்கரைகளில் வளரும் இவை மிக இலேசானவை. உள்ளே கூடாகவோ மென்மையாகவோ இருப்பதால் முனையை நேரடியாகப் பொருத்தினால் மோதும்போது பிளந்துவிடும். ஒரு கடின மரக்குச்சியை முன்புறம் செருகி நூலால் இறுகக் கட்டி, அதன் நுனியில் முனையைப் பொருத்துவது உலகின் பல பகுதிகளில் வழங்கிய முறை. குறைந்த இழுவிசை கொண்ட விற்களுக்கே இவை ஏற்றவை.

மூங்கில் தண்டைத் தேர்ந்து பதப்படுத்துதல்

ஓராண்டுக் கழி இளசு. காயும்போது சுருங்கி வளையும். மூன்றாண்டு முதிர்ந்த கழியே உறுதியானது. மாவுச்சத்து குறைவாக உள்ள மூங்கிலை உளுப்பூச்சி எளிதில் தாக்காது. கணுக்களுக்கிடையே தூரம் அதிகமாகவும், அடிக்கும் நுனிக்கும் பருமன் வேறுபாடு குறைவாகவும் உள்ள கழிகளைப் பொறுக்க வேண்டும். வேண்டிய நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டி, பத்துப் பன்னிரண்டு கழிகளைச் சேர்த்து இறுகக் கட்டி, நிழலில் சில மாதம் உலர்த்த வேண்டும். வெயிலில் வேகமாக உலர்த்தினால் வெடிக்கும்.

உலர்ந்த பின் கணுக்களின் புடைப்பை மட்டும் சீவ வேண்டும். வெளித்தோலை ஆழமாகச் சீவினால் வலிமையான இழைகள் போய்விடும். கரி நெருப்பின் மேல் தண்டைச் சுழற்றிச் சூடேற்றினால் மூங்கில் இளகும். வளைந்த இடத்தை எதிர்ப்புறம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகும். கணுவில் உள்ள வளைவு பிடிவாதமானது. அதற்கு இரண்டு மூன்று முறை சூடு காட்ட வேண்டியிருக்கும். கருகவிட்டால் அவ்விடம் நொறுங்கும்.

தண்டின் அடிப்பக்கம் பருத்தும் கனமாகவும் இருப்பதால் அதை முனைப்பக்கமாக வைத்துக்கொள்வது ஒரு பொது முறை. நாண்வெட்டின் அடியில் ஒரு கணு அமையுமாறு நீளத்தை வெட்டினால், நாண் தள்ளும்போது தண்டு பிளப்பதைக் கணு தடுக்கும். கணு அமையாவிட்டால் கூட்டினுள் கடின மரத்துண்டைச் செருகி, வெளியே நூல் சுற்றிப் பசையிட வேண்டும்.

பலகையிலிருந்து தண்டு செய்தல்

மரவாடியில் வாங்கிய கட்டையை இரம்பத்தால் அறுத்தால் இரம்பம் தன் கோட்டில்தான் போகும். இழை எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. உளியும் சுத்தியும் கொண்டு பிளந்தால் பிளவு இழையின் வழியே ஓடும். ஆகவே தண்டுக்கான கட்டையைப் பிளந்து எடுப்பது பாதுகாப்பானது. பிளவு முறுக்கிக்கொண்டு போனால் அந்தக் கட்டை தண்டுக்கு ஆகாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பிளந்த துண்டை இழைப்புளியால் 10 மி.மீ. சதுரமாக இழைத்து, நான்கு விளிம்புகளையும் சீவி எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறு பட்டையாக்கி, உப்புத்தாளால் உருட்டி வட்டமாக்குவது கைவினை முறை. கடைகளில் கிடைக்கும் வட்டக் கட்டைகள் வேறு பயனுக்காக இயந்திரத்தில் கடையப்பட்டவை. அவற்றில் இழை பார்த்துத் தேர்வு செய்திருக்க மாட்டார்கள். நூறு கட்டைகளில் சிலவே தண்டுக்குத் தேறலாம். கட்டுக்கட்டாக வாங்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

நாண்வெட்டை மரத்தின் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். கோடுகளின் வழியே வெட்டினால் நாணே ஆப்பாக நின்று தண்டைப் பிளந்துவிடும். தண்டில் சிறிதளவு இழைச் சாய்வு இருந்தால், மேற்புறத்தில் தெரியும் கூர்வடிவக் கோடுகள் அம்பின் முனையை நோக்கியிருக்குமாறு வைப்பது மரபு. அவ்வாறு வைத்த அம்பு முறிந்தாலும் பின்பாதியின் கூர் மேற்புறம் அமைந்து, கைக்கு மேலே விலகிச் செல்லும். திருப்பி வைத்தால் அந்தக் கூர் கீழ்ப்புறம் அமைந்து கையை நோக்கும்.

தொகுதியாகப் பிரித்தல்

ஒரு வில்லாளிக்கு ஒரே ஒரு மிகச் சிறந்த அம்பைவிட ஒன்றுபோல் பறக்கும் ஆறு சுமாரான அம்புகள் பயன்மிக்கவை. முதல் அம்பு விழுந்த இடத்தைப் பார்த்துத்தான் அடுத்த அம்புக்குக் குறியைத் திருத்த முடியும். அம்புகள் வேறுபட்டால் பிழை கையிலா அம்பிலா என்று தெரியாமல் பயிற்சியே வீணாகும்.

முப்பது தண்டுகளைச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, விறைப்பையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். விறைப்பு 5 பவுண்டுக்குள்ளும், எடை 10 கிரெய்னுக்குள்ளும் (சுமார் 0.65 கிராம்) ஒத்திருக்கும் தண்டுகளை ஒரு தொகுதியாகச் சேர்க்க வேண்டும். மூங்கிலிலும் மரத்திலும் ஒரே தண்டே திசைக்குத் திசை சற்று வேறுபட்ட விறைப்பைக் காட்டும். ஆகவே தண்டைச் சுழற்றி அளந்து, விறைப்பு கூடிய பக்கத்தை அடையாளமிட்டு, எல்லா அம்புகளிலும் அந்தப் பக்கமே வில்லை ஒட்டி வருமாறு நாண்வெட்டை அமைக்கின்றனர்.

பாதுகாப்புச் சோதனை

புதிய தண்டை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, இரு கைகளாலும் மெல்ல வளைத்து, சுழற்றிச் சுழற்றி எல்லாத் திசைகளிலும் சோதிக்க வேண்டும். ‘கிறீச்’ அல்லது ‘டிக்’ என்ற ஒலி கேட்டாலும், ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மடிந்தாலும் அதை உடைத்து எறிந்துவிட வேண்டும். உடைக்காமல் வைத்தால் வேறு யாராவது எடுத்து எய்யக்கூடும்.

இச்சோதனை ஒரு முறை செய்து முடிப்பதன்று. கல்லிலோ மற்றொரு அம்பிலோ மோதிய தண்டை மறுபடி நாணில் ஏற்றுமுன் வளைத்துப் பார்க்க வேண்டும். முனைக்குப் பின்னால் உள்ள நான்கு விரற்கடை நீளமும், நாண்வெட்டின் அடியும் முதலில் விரியும் இடங்கள். கப்பிகள் பொருத்திய நவீன காம்பவுண்டு வில்லில் மரத் தண்டையோ மூங்கில் தண்டையோ ஒருபோதும் எய்யக் கூடாது. அவ்வில்லின் தள்ளுவிசையை இவை தாங்கமாட்டா.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. எனவே இந்தியாவில் மரபு வில்வித்தை குறி எய்யும் பயிற்சியாகவும் போட்டியாகவும் மட்டுமே நடைபெற வேண்டும். காட்டுப் பறவைகளின் இறகுகளுக்குப் பதிலாக வான்கோழி, வாத்து ஆகியவற்றின் இறகுகளே அம்புக்குப் பயன்படுத்தப்படுகின்றன. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்பதன் வரையறையிலிருந்து மூங்கில் 2017இல் நீக்கப்பட்டது. இதனால் காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்வது எளிதாயிற்று. காப்புக்காடுகளில் மூங்கிலோ மரமோ வெட்டுவதற்குத் தடை நீடிக்கிறது.

பராமரிப்பு

கடற்கரைப் பகுதியின் ஈரக்காற்று மரத் தண்டின் பெரும் எதிரி. இவ்வட்டாரத்தில் ஆண்டு மழையின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அக்காலத்தில் தண்டு ஈரத்தை உறிஞ்சிக் கனமாகி, இளகி, வளையும். கோடையில் சரியாகப் பறந்த அம்பு ஐப்பசியில் வலப்பக்கம் விலகினால் கையைக் குறைசொல்லுமுன் தண்டை அளந்து பார்க்க வேண்டும்.

அரக்குப் பாலிசோ வார்னிசோ மூன்று முறை பூசினால் ஈரம் ஏறுவது குறையும். முனை பொருத்தும் இடத்திலும் நாண்வெட்டின் உள்ளேயும் பூச்சு படிந்திருக்க வேண்டும். இழைகளின் வெட்டுவாய் வழியாகத்தான் ஈரம் மிகுதியாக ஏறும். அம்புகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். துளையிட்ட அட்டையில் செங்குத்தாகத் தொங்கவிடுவதோ, சமதளத்தில் கிடத்துவதோ நல்லது. பருவமழை முடிந்து தண்டுகள் காய்ந்தபின் ஒவ்வொன்றின் விறைப்பையும் எடையையும் மறுபடி அளந்து, குறிப்பேட்டிலுள்ள பழைய எண்களோடு ஒப்பிட்டுத் தொகுதிகளைத் திருத்தி அமைக்க வேண்டும். பழைய எண்ணிலிருந்து மிகவும் தாழ்ந்துவிட்ட தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். அது மீண்டும் நாணில் ஏறக் கூடாது.